தெர்மாமீட்டர் நகராமல் நிற்கும் நேரம்: வெப்பத்தை வீட்டிலேயே அளந்து படிக்க ஒரு வழிகாட்டி

பனிக்கட்டி உருகக் கிராமுக்கு 80 கலோரி, கொதிக்கும் நீர் ஆவியாகக் கிராமுக்கு 540 கலோரி. பள்ளிக்கூடம் போன எல்லோரும் ஒரு காலத்தில் இதை மனப்பாடம் செய்திருப்போம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் போயிருப்போம். இந்த இரண்டு எண்களையும் சமையலறையில் நின்றபடியே நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆய்வகம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேஸ் சிலிண்டர் நாலு நாள் கூடுதலாக வரும்.

வெப்பம் பற்றிய பாடத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, தெர்மாமீட்டர் முள் மட்டும் அசையாமல் நிற்கிறது என்றால், அந்த வெப்பம் எங்கே போனது? அதைக் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் பார்க்க வைப்பதுதான் கீழே உள்ள படிகளின் வேலை.

என்னென்ன வேண்டும்

முதலில் ஒரு தெர்மாமீட்டர். சமையலுக்கென்றே விற்கும் டிஜிட்டல் வகை போதும். பேனா நீளத்தில் கூரான எஃகுக் கம்பி, தலையில் சின்னத் திரை இருக்கும். மைனஸ் 50 முதல் 300 டிகிரி வரை காட்டும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். (இந்தக் கட்டுரை முழுக்க டிகிரி என்றால் செல்சியஸ்தான்.) காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது 42 டிகிரியைத் தாண்டி அளக்கச் செய்யப்பட்டதல்ல. பழைய பாதரச வகையைச் சுடுநீரில் விட்டால் கண்ணாடி வெடித்துப் பாதரசம் சிந்தும். கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகையும் உதவாது. அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தைக் காட்டினால் அப்பட்டமாகப் பொய் சொல்லும்.

அடுத்தது ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு. கேக் செய்கிறவர்கள் வீட்டில் இருக்கும், இரவல் வாங்கலாம். அப்புறம் ஒரு மின்சாரக் கெட்டில், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, மூடியுள்ள சின்ன ஹாட்பாக்ஸ், ஐஸ் கட்டிகள், நேரம் பார்க்க போன், குறித்து வைக்க நோட்டு.

கேஸ் அடுப்பை ஏன் விட்டுவிட்டேன் என்றால், அதிலிருந்து பாத்திரத்துக்குள் எவ்வளவு வெப்பம் போகிறது என்று நமக்குத் தெரியாது. தீ பாத்திரத்தின் ஓரங்களில் வழிந்து மேலே போய்விடும். மின்சாரக் கெட்டிலின் அடியில் 1500 வாட் என்று அச்சிட்டிருந்தால், விநாடிக்கு 1500 ஜூல் ஆற்றல் உள்ளே போகிறது என்று பொருள். கணக்குப் போட அதுதான் வசதி.

முதல் படி: தெர்மாமீட்டரை நம்பலாமா என்று பார்ப்பது

டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் ஐஸ் மிதந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிடம் கலக்கிவிட்டு, கம்பி முனை அடியிலும் பக்கத்திலும் படாமல் நடுவில் பிடியுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்பின் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, பிறகு எல்லா அளவிலும் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். இரண்டு டிகிரிக்கு மேல் தவறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு முனை கொதிநீர். இங்கே ஊரைப் பொறுத்து எண் மாறும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர்களில் கிட்டத்தட்ட 100 டிகிரி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். பெங்களூரில் 97 டிகிரியை ஒட்டி, 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியில் கொதிக்கும். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆவது இதனால்தான்.

ஐஸும் கொதிநீரும் என்ற இந்த இரண்டு முனைகளை வைத்து 1742-ல் நூறு பாகமாகப் பிரித்தவர் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ். வேடிக்கை என்னவென்றால், அவர் கொதிநீருக்கு 0 என்றும் பனிக்கட்டிக்கு 100 என்றும் வைத்திருந்தார். பிறகுதான் தலைகீழாக மாற்றினார்கள்.

இரண்டாம் படி: கெட்டிலும் ஒரு நேர்கோடும்

கெட்டிலில் சரியாக அரை கிலோ தண்ணீர் எடையிட்டு ஊற்றுங்கள். வெப்பநிலையைக் குறியுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரி இருக்கும். மூடியைத் திறந்து கம்பியைத் தண்ணீரில் விட்டபடி சுவிட்சைப் போட்டு, 15 விநாடிக்கு ஒருமுறை எண்ணை எழுதுங்கள். ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுதினால் எளிது. 90 டிகிரியில் நிறுத்திவிடுங்கள். மூடி திறந்திருந்தால் பல கெட்டில்கள் தானாக அணையாது. ஆவி உள்ளே திரும்பிப் போய் ஓர் ஈருலோகத் தகட்டைச் சூடாக்கினால்தான் அந்த சுவிட்ச் விழும்.

இப்போது ஒரு கிலோ தண்ணீரை வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத் தாளில் போட்டால் இரண்டு நேர்கோடுகள் வரும். ஒரு கிலோவின் கோடு பாதிதான் சாய்ந்திருக்கும். இரண்டும் 90 டிகிரியைத் தொட்டன, ஆனால் இரண்டாவதுக்கு இரண்டு மடங்கு நேரம், அதாவது இரண்டு மடங்கு ஆற்றல். வெப்பநிலை ஒன்று, வெப்பம் வேறு. எத்தனை முறை வகுப்பில் சொன்னாலும் மனதில் நிற்காத வேறுபாடு இந்த இரண்டு கோட்டில் நின்றுவிடும்.

கணக்கையும் சரிபார்த்துவிடலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி, அதாவது ஏறத்தாழ 4.19 ஜூல். ஒரு கிலோ தண்ணீரை 30-லிருந்து 90-க்குக் கொண்டுபோக 60,000 கலோரி. ஜூலில் சுமார் 2,51,000. இதை 1500-ஆல் வகுத்தால் 167 விநாடி. உங்கள் கெட்டில் கட்டாயம் இதைவிட அதிக நேரம் எடுக்கும். கெட்டிலின் உடம்பும் சூடாக வேண்டும், கொஞ்சம் வெளியேயும் போகும். மின்னழுத்தமும் ஒரு காரணம். வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 210 வோல்ட் வந்தால், அந்த 1500 வாட் கெட்டில் 1250 வாட்டாகத்தான் வேலை செய்யும். மாலையில் தெருவே விளக்குப் போடும் நேரத்திலும் விடியற்காலையிலும் அளந்து பாருங்கள், சில இடங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வெப்பம் வர அடுப்புதான் வேண்டும் என்றில்லை. 1840-களில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல், எடைக்கற்கள் கீழே இறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்புகள் சுழலும்படி செய்து, அந்தச் சுழற்சியால் தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். நம் வீட்டில் அதற்கு மிக்ஸி இருக்கிறது. ஜாரில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, வெப்பநிலை பார்த்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி மறுபடி பாருங்கள். எண் ஏறியிருக்கும். இட்லி மாவை மிக்ஸியில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீர் விடுவது இந்தச் சூட்டைச் சமாளிக்கத்தான்.

மூன்றாம் படி: ஐஸ் கலப்பது

இதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தப் பாடத்திலும் சுவையான பகுதி. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஹாட்பாக்ஸில் 60 டிகிரித் தண்ணீர் 300 கிராம் இருக்கட்டும். அதில் 0 டிகிரித் தண்ணீர் 100 கிராம் ஊற்றிக் கலக்குங்கள். முதல் படியில் செய்த ஐஸ் கரைசலை வடிகட்டினால் 0 டிகிரித் தண்ணீர் கிடைக்கும். கலவை எவ்வளவு காட்டும்? 300 கிராமில் 60 டிகிரி வீதம் 18,000 கலோரி இருக்கிறது. அதை மொத்தம் 400 கிராம் பகிர்ந்துகொண்டால் 45 டிகிரி. தெர்மாமீட்டரும் 45-ஐ ஒட்டித்தான் காட்டும்.

இனி ஹாட்பாக்ஸைக் காலி செய்துவிட்டு, மறுபடி அதே 60 டிகிரித் தண்ணீர் 300 கிராம். இந்த முறை 100 கிராம் தண்ணீருக்குப் பதில் 100 கிராம் ஐஸ். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் மைனஸ் 15, மைனஸ் 18 டிகிரியில் இருக்கும், அதனால் உடனே போடாதீர்கள். கொஞ்ச நேரம் தட்டில் வையுங்கள். முதலில் கட்டியின் மேல் வெண்மையாகப் பூத்திருக்கும் பனித்தூள் மறையும், பிறகு பளபளவென்று ஈரம் தெரியும். ஈரம் கண்டதும் அது 0 டிகிரிக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். பருத்தித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு எடை போட்டு, சட்டென்று உள்ளே போட்டு, மூடிவைத்து அவ்வப்போது கலக்குங்கள். கடைசித் துண்டும் கரைந்ததும் பாருங்கள்.

45 வராது. 25, 26-தான் வரும்.

ஐஸும் 0 டிகிரி, தண்ணீரும் 0 டிகிரி. எடையும் ஒன்றே. அப்படியிருந்தும் 20 டிகிரி காணாமல் போய்விட்டது. அந்த 20 டிகிரி, 400 கிராமுக்கு 8,000 கலோரி. 100 கிராம் ஐஸை வெறும் தண்ணீராக மாற்றவே அத்தனையும் செலவாகியிருக்கிறது. 100-ஆல் வகுத்தால் கிராமுக்கு 80. மனப்பாடம் செய்த எண் இதோ வந்துவிட்டது.

உங்கள் சொந்த அளவை வைத்துக் கணக்கிடும் முறை இது. சுடுநீர் இழந்த கலோரியை எழுதுங்கள்: 300 கிராமை, குறைந்த டிகிரியால் பெருக்க வேண்டும். உருகிய ஐஸ் தண்ணீர் 0-விலிருந்து கடைசி வெப்பநிலைக்கு ஏற எடுத்துக்கொண்டதைக் கழியுங்கள். மீதியை ஐஸின் எடையால் வகுங்கள். கடைசி வெப்பநிலை 26 என்றால்: 300 × 34 = 10,200. கழிக்க வேண்டியது 100 × 26 = 2,600. மீதி 7,600, ஆகவே கிராமுக்கு 76. முதல் முயற்சியில் 76 என்பது நல்ல விடைதான்.

உருகும்போது உள்ளே நடப்பது என்ன? பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்தபடி ஓர் ஒழுங்கில் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் வெப்பம் அவற்றின் அதிர்வைக் கூட்டினால் வெப்பநிலை ஏறும். ஆனால் 0 டிகிரியை அடைந்ததும், வரும் வெப்பமெல்லாம் அந்தப் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது. அதிர்வின் வேகம் கூடவில்லை, அதனால் தெர்மாமீட்டருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணில் படாமல் உள்ளே போய்விடுவதால்தான் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் கிளாஸ்கோவில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஜோசப் பிளாக். 1761-ன் குளிர்காலத்தில், ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகளை ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். ஒன்றில் ஐஸ், இன்னொன்றில் ஐஸுக்கு இணையாகக் குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் 7 ஃபாரன்ஹீட் டிகிரி ஏற அரை மணி நேரம் ஆனது. ஐஸ் உருகி அதே நிலைக்கு வரப் பத்தரை மணி நேரம். இதிலிருந்து அவர் போட்ட கணக்கு, நம் கலோரியில் கிராமுக்கு 78 அளவில் நிற்கிறது. கடிகாரமும் பொறுமையும் மட்டுமே கையிருப்பாக இருந்த காலம் அது.

இந்த 80 கலோரி இல்லாவிட்டால் சென்னை மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடமே இருந்திருக்காது. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை அறுத்துக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்கு வந்த முதல் கப்பலில் ஏற்றியது 180 டன், நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகு கரையேறியது சுமார் 100 டன். சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. இப்போது அது விவேகானந்தர் இல்லம். சுற்றிலும் அடைத்த மரத்தூள் வெப்பம் உள்ளே வரும் வேகத்தைக் குறைத்தது. அதையும் மீறி வந்த வெப்பத்தை, கிராமுக்கு 80 கலோரி என்று ஐஸ் விழுங்கிக்கொண்டே வந்தது.

ஏசி வாங்கும்போது ஒரு டன், ஒன்றரை டன் என்று கேட்கிறோமே, அதுவும் இந்த வியாபாரத்தின் மிச்சம்தான். 24 மணி நேரத்தில் ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ, ஐஸை உருக்க எவ்வளவு வெப்பம் தேவைப்படுமோ, அதே வேகத்தில் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும் ஏசிக்கு ஒரு டன் என்று பெயர். கணக்குப் போட்டால் சுமார் 3.5 கிலோவாட் வரும்.

நான்காம் படி: கொதிக்கும்போது

இண்டக்‌ஷன் அடுப்பில் அரை கிலோ தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தையும் சேர்த்து எடை போட்டுக்கொள்ளுங்கள். அளவை 1000 வாட்டில் வைத்து, கடைசிவரை மாற்றாதீர்கள். சில அடுப்புகள் குறைந்த வாட்டில் விட்டுவிட்டு எரியும், அதனால் 1000-க்குக் கீழே போக வேண்டாம்.

தண்ணீரைக் கூர்ந்து பாருங்கள். முதலில் பாத்திரத்தின் சுவரில் கடுகைவிடச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ளும். அது நீராவி அல்ல, தண்ணீரில் கரைந்திருந்த காற்று. 80 டிகிரியைத் தாண்டியதும் ஒரு சத்தம் கேட்கும். அடியில் பிறந்த நீராவிக் குமிழ்கள், மேலே இருக்கும் குளிர்ந்த நீரில் நுழைந்ததும் நசுங்கும் சத்தம் அது. முழுத் தண்ணீரும் கொதிநிலைக்கு வந்ததும் சத்தம் அடங்கி, பெரிய குமிழ்கள் மேலே வந்து உடையும். தண்ணீர் பாடினால் இன்னும் கொதிக்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

30 டிகிரியிலிருந்து கொதிக்கும்வரை ஆன விநாடிகளைக் குறியுங்கள். கொதி வந்ததும் சரியாக 5 நிமிடம் விட்டு, அடுப்பை அணைத்துப் பிடிதுணியோடு எடுத்து மறுபடி எடை போடுங்கள். (தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்து, எண்ணை பூஜ்யமாக்கிக்கொண்டு அதன் மேல் வையுங்கள்.) அந்த 5 நிமிடமும் தெர்மாமீட்டர் 99, 100 என்று ஒரே இடத்தில்தான் நிற்கும். 2000 வாட்டுக்கு உயர்த்தினாலும் அங்கேயேதான். குமிழ்கள் ஆர்ப்பாட்டம் செய்யும், தண்ணீர் வேகமாகக் குறையும், வெப்பநிலை மட்டும் ஏறாது.

கணக்கு: தண்ணீர் 70 டிகிரி ஏற 172 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். 500 × 70 = 35,000 கலோரி. விநாடிக்கு சுமார் 203 கலோரி. 5 நிமிடத்தில் 61,000 கலோரி உள்ளே போயிருக்கிறது. எடை 113 கிராம் குறைந்திருந்தால் கிராமுக்கு 540. உங்களுக்கு 560, 600 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கொதிக்கும் பாத்திரம் சுற்றுப்புறத்துக்கு நிறைய வெப்பத்தை இழக்கிறது, அதையும் ஆவிக்குப் போனதாகவே நம் கணக்கு எடுத்துக்கொள்கிறது. பிளாக்கும் 1762-ல் இதே முறையைத்தான் பயன்படுத்தினார். கொதிவர 4 நிமிடம், முழுவதும் வற்ற 20 நிமிடம் என்று அவர் குறித்தார். அவருடைய விடை இன்றைய கணக்கில் 450, உண்மையைவிடக் குறைவு.

சமையலறைக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன என்று கேட்டால், முதல் வேலை சிம்மில் வைப்பது. உருளைக்கிழங்கு வேவது வெப்பநிலையைப் பொறுத்து. தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் அதே 100 டிகிரிதான். கூடுதல் தீ முழுக்க ஆவியாக்கவே போகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சுவது, குழம்பை வற்றவைப்பது மாதிரி ஆவியாவதே வேண்டும் என்ற வேலைக்கு மட்டும்தான் பெரிய தீ.

100 டிகிரியைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். குக்கர் செய்வது அதுதான். வெயிட் தூக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி. விசில் அடிப்பது, தேவைக்கு மேல் சேர்ந்த ஆவி வெளியே போவது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அடுத்த விசில் வராத அளவில் நேரத்தை எண்ணிச் சமைத்தாலும் அரிசி அதேபோல் வேகும். குக்கருக்குள் தெர்மாமீட்டர் விட்டுப் பார்க்கும் யோசனை யாருக்காவது வந்தால், வேண்டாம்.

ஆவி ஏன் அவ்வளவு மோசமாகச் சுடுகிறது என்பதும் இதே எண்ணில் இருக்கிறது. ஒரு கிராம் கொதிநீர் கையில் பட்டால், 37 டிகிரிக்கு ஆறும்வரை 63 கலோரி கொடுக்கும். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போதே 540 கலோரியை இறக்கிவிட்டு, அப்புறம் அந்த 63-ஐயும் கொடுக்கும். ஏறக்குறைய பத்து மடங்கு. இட்லிப் பானை மூடியை எப்போதும் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள்.

ஐந்தாம் படி: வெப்பம் போகும் வழிகள்

இதை விரைவாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் தினமும் பார்ப்பதுதான். சுடுநீரில் ஒரு மரக்கரண்டியும் எவர்சில்வர் கரண்டியும் போட்டால், கடத்தல் புரிந்துவிடும். உலோகங்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும், செம்பு அதையும் மிஞ்சும். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்போ அலுமினியமோ ஒட்டி விற்பது தீ படும் இடம் மட்டும் கருகாமல் அடி முழுக்கச் சூடு பரவத்தான்.

சூடான நீரே நகர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோகும் வெப்பச்சலனத்துக்கு, வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியைவிட நல்ல சாட்சி இல்லை. கம்பியின் சுருள் வாளியின் பாதி ஆழத்தில் நின்றால், மேல் பாதி கொதிக்கக் கொதிக்க இருக்கும், அடிப்பாதி பச்சைத் தண்ணீராகவே இருக்கும். சூடான நீர் எடை குறைந்து மேலே போகுமே தவிரக் கீழே இறங்காது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்த பிறகு மேலும் கீழும் அளந்து பாருங்கள். கதிர்வீச்சுக்கு, சூடான தோசைக்கல்லின் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டினால் போதும். சூடான காற்று மேலே போய்விடுகிறது, பக்கத்தில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் கதிர்வீச்சுதான்.

ஆறாம் படி: அடுப்பில்லாமல் ஆவி

தண்ணீர் ஆவியாக 100 டிகிரி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடியில் காயும் துணி எந்த அடுப்பிலும் ஏறவில்லை. மேற்பரப்பில் இருக்கும் வேகமான மூலக்கூறுகள் எந்த வெப்பநிலையிலும் தப்பித்துக்கொண்டே இருக்கும். தப்பிக்கும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

தெர்மாமீட்டர் கம்பி முனையில் ஈரமான பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, ஃபேனுக்கு நேரே சில நிமிடம் பிடியுங்கள். எண் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும் கடலோர ஊரில், 35 டிகிரி மதியத்தில் அது 28 வரைதான் இறங்கும். ஈரப்பதம் 30 சதவீதமுள்ள உள்மாவட்டத்து 38 டிகிரி வெயிலில் 24 வரைகூடப் போகும். மதுரைப் பக்கம் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், சென்னையில் அதே பானை சுமாராக இருப்பதும் பானையின் குற்றமல்ல. பழகிய பானை குளிர்ச்சியை இழப்பதற்கு மட்டும் பானைதான் காரணம். தண்ணீரில் உள்ள உப்பு படிந்து நுண்துளைகள் அடைபட்டுவிடுகின்றன.

இந்த ஃபேன் சோதனையில் இன்னொன்றும் தெரியும். துணியில்லாமல் கம்பியை மட்டும் காட்டினால் எண் இறங்கவே இறங்காது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்குகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன், மோட்டாரின் வெப்பத்தால் அறையைக் கொஞ்சம் சூடாக்கவே செய்யும்.

நிலைமாற்றத்தைப் பார்க்க வீட்டில் வேறு பொருள்களும் உண்டு. மார்கழியில் உறையும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகும். ஐஸைப் போல் ஒரே புள்ளியில் நிற்காமல் குழைந்து குழைந்து உருகும், ஏனென்றால் அது பல கொழுப்புகளின் கலவை. திறந்து வைத்த கற்பூரம் உருகாமலேயே கரைந்து போகும், திடநிலையிலிருந்து நேரே வாயுவாகிறது. கேஸ் சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தால் திரவமான எரிவாயு. எவ்வளவு மீதி என்று பார்க்க, சிலிண்டரை மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். திரவம் இருக்கும் மட்டம் வரை ஈரம் தங்கும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். காலிப் பகுதியின் தகடு சட்டென்று சூடேறிவிடுகிறது, திரவத்தைத் தொட்டிருக்கும் தகடு அப்படி ஏற முடியாது.

கணக்கு ஒத்துவராவிட்டால்

ஐஸ் சோதனையில் 74-க்கும் கீழே போனால் முதலில் ஹாட்பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். உள்ளே எவர்சில்வர் கிண்ணம் இருந்தால், அதுவும் 60-லிருந்து 25-க்கு ஆறும்போது கொஞ்சம் வெப்பம் கொடுத்திருக்கும். எவர்சில்வருக்குக் கிராமுக்கு, டிகிரிக்கு 0.12 கலோரி. கிண்ணம் 150 கிராம் என்றால், கூடுதலாக 18 கிராம் தண்ணீர் இருந்ததாகக் கணக்கில் சேர்த்தால் சரியாகிவிடும். சுடுநீரை ஊற்றி மூன்று நிமிடம் மூடிவைத்து, கிண்ணமும் சூடான பிறகே தொடக்க வெப்பநிலையைக் குறிக்க வேண்டும்.

80-க்கு மேல் போனால் ஐஸ் இன்னும் 0 டிகிரிக்கு வரவில்லை என்று பொருள். தட்டில் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் ஐஸோடு ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து எடை போடப்பட்டிருக்கும், துணியால் ஒற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். கெட்டில் கோடு நேராக இல்லாமல் தொடக்கத்தில் மட்டும் வளைந்தால், சூடேற்றும் தகடு முதலில் தன்னைச் சூடாக்கிக்கொண்டது என்று விட்டுவிடலாம். நடுவில் மேலும் கீழும் குதித்தால், கம்பி முனை அடித்தகட்டைத் தொடுகிறது. ஆவி சோதனையில் 700-ஐத் தாண்டினால் பாத்திரம் அடுப்புக்கு மிகச் சின்னதா என்று பாருங்கள், அல்லது மூடியால் பாதி மூடியிருந்தீர்களா என்று. மூடியில் பட்டு மறுபடி தண்ணீராகிச் சொட்டிய ஆவி எடையில் குறையாது.